ஏதிலியர்க்கு அரண் செய்த நான்சன்

அடைக்கலம் புகுந்தாரைக் காத்தல் அறங்களுள் தலையாயது என்பது நம் முன்னோர் கொள்கை. பருந்துக்கு அஞ்சித் தன்பால் வந்தடைந்த புறாவின்பொருட்டுத் துலைத்தட்டில் தானே ஏறி நின்ற செம்பியன் வரலாற்றை நம் நாட்டுச் சிறுவரும் அறிவர். ஆயினும், அங்கே அடைக்கலம் புகுந்தது ஒரு புறா. அதனைக் காத்தவன் ஒரு மன்னன். பதினைந்து லட்சம் மக்கள் ஒரே காலத்தில் வீடும் நாடும் இழந்து அயலார் வாயிலில் வந்து நிற்பாராயின், அவர்களைக் காக்கும் கடமை யாருடையது? ஒருவர் உள்ளத்தில் சுரக்கும் அருள் மட்டும் அதற்குப் போதுமா? முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் இவ்வினா ஐரோப்பாக் கண்டத்தின் முன் எழுந்தது. அதற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளின் இறுதிப் பத்தாண்டுகளைச் செலவிட்ட பெரியார், நார்வே நாட்டு அறிஞர் பிரிட்யாப் நான்சன் ஆவார்.

பிறப்பும் இளமையும்

ஐரோப்பாவின் வடகோடியில் மலையும் கடலும் பனியும் சூழ விளங்கும் நாடு நார்வே. இன்று ஆஸ்லோ என வழங்கும் அதன் தலைநகர்க்கு அந்நாளில் கிறிஸ்டியானியா என்பது பெயர். அந்நகரை அடுத்த ஓர் ஊரில் 1861ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் நான்சன் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், கடமையில் சிறிதும் வழுவாதவர். தாயாரோ பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு வெண்பனி வெளியில் விரைந்து செல்வதில் விருப்பம் மிக்கவர். தந்தையின் ஒழுங்கும் தாயின் துணிவும் மைந்தரிடம் ஒருங்கே அமைந்தன. காடுகளில் தனியே உலவுவதும், ஆற்றில் மீன் பிடித்து உண்பதும், வானமே கூரையாக உறங்குவதும் இளமையிலேயே அவருக்குப் பழக்கமாயின.

பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்ற நான்சன், 1882ஆம் ஆண்டில் கடல்நாய் வேட்டைக் கப்பல் ஒன்றில் ஏறி வடகடலுக்குச் சென்றார். அப்பயணத்தில் தொலைவில் தோன்றிய கிரீன்லாந்தின் பனிமலைகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. திரும்பியபின் பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் அலுவல் ஏற்று, சிற்றுயிர்களின் நரம்பு மண்டலத்தை நுணுகி ஆராய்ந்து, 1888இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் அப்பனிமலைகளை அவர் மறந்தாரல்லர்.

பனிவெளிப் பயணங்கள்

கிரீன்லாந்தின் உட்பகுதியைக் குறுக்கே கடந்தவர் அதுகாறும் எவருமிலர். முன்பு முயன்றவர்கள் மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டனர். இடர் நேர்ந்தபோது திரும்பி வந்தனர். நான்சனோ ஆளரவமற்ற கிழக்குக் கரையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வதெனத் துணிந்தார். பின்வாங்க இடமில்லை எனின் முன்னேறுதல் ஒன்றே வழியாகும் என்பது அவர் கருத்து. 1888ஆம் ஆண்டில் ஐந்து தோழரோடு அவர் அப்பனிப்பாலையைக் கடந்து மேற்குக் கரையை அடைந்தார். அவ்வாண்டின் கடைசிக் கப்பல் ஊர் திரும்பப் புறப்படும் நிலையில் இருந்தமையின், குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்க நேர்ந்தது. அந்நிலத்துக் குடிகளான எஸ்கிமோ மக்களின் குடிசைகளுக்குச் சென்று, அவர்தம் உணவை உண்டு, அவர்தம் தோற்படகைச் செலுத்தக் கற்றார். அம்மக்கள் இன்று தம்மை இனூயிட்டுகள் எனக் குறிப்பிடுகின்றனர்.

அடுத்து, வடதுருவத்தை நோக்கி அவர் கருத்துச் சென்றது. சைபீரியாவுக்கு வடக்கே பனியில் சிக்கி 1881இல் மூழ்கிய ஜானெட் என்னும் கப்பலின் சிதைவுகள், சில ஆண்டுகளுக்குப் பின்னர்க் கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கின. அவற்றைத் தாங்கிவந்த நீரோட்டம் ஒரு கப்பலையும் தாங்கிச் செல்லுமன்றோ? இவ்வாறு எண்ணிய நான்சன், பனிக்கட்டிகள் நெருக்குங்கால் நொறுங்காமல் மேலே எழும்பும்படி உருண்டை வடிவில் அடிப்பகுதி அமைந்த கப்பலொன்றைக் கட்டுவித்தார். முன்னோக்கி எனப் பொருள்படும் பிராம் என்னும் பெயரை அது பெற்றது. 1893ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள் அக்கப்பல் புறப்பட்டது. கருதியவாறே பனியில் உறைந்து, நீரோட்டத்தோடு மெல்ல நகர்ந்தது.

துருவத்தினின்று விலகியே கப்பல் செல்லும் என அறிந்த நான்சன், 1895 மார்ச்சில் யோகான்சன் என்னும் தோழரோடு பனிமேல் இறங்கி நடந்தார். வடக்கே 86 பாகை 14 கலை வரையில் சென்றார். அதற்கு முன் மாந்தர் எவரும் அவ்வளவு தொலைவு சென்றதில்லை. பனிநிலை கொடிதாகவே இருவரும் திரும்பி, பிரான்சு சோசப்புத் தீவுகளை அடைந்தனர். கல்லை அடுக்கிச் சுவராக்கி, வால்ரசு என்னும் கடல்விலங்கின் தோலைக் கூரையாக வேய்ந்து, கரடி ஊனை உண்டு, அவ்விருண்ட குளிர்காலத்தை ஒரு குழிக்குள் கழித்தனர்.

1896 சூனில் ஒரு நாள் தொலைவில் நாய் குரைக்கும் ஒலி கேட்டது. ஒலி வந்த திசையில் நடந்த நான்சனை, அத்தீவுகளை ஆராயவந்த சாக்சன் என்னும் ஆங்கிலேயர் எதிர்கொண்டார். எதிரே நின்றவர் நீண்ட சடைமுடியும் புகையாலும் நெய்யாலும் கருத்த மேனியும் கந்தல் உடையும் உடையவர். பார்த்த அளவில் அவர் யாரென்பது தெளிவாகவில்லை. எனினும் சாக்சன் முதலில் கை நீட்டி வரவேற்றார். பிறகே உற்று நோக்கி இன்னார் என உணர்ந்தார். இருவர்க்கும் உணவும் உடையும் உறையுளும் நல்கி, தம் கப்பலிலேயே அவர்களை நார்வேக்கு அனுப்பிவைத்தார். சில நாளில் பிராம் கப்பலும் ஒருவரும் குறையாமல் கரை சேர்ந்தது. நான்சன் உலகப் புகழ் பெற்றார். ஆனால், வீடற்றவனாய் அயலான் வாயிலில் நிற்பது எத்தகையது என்பதை அவர் தம் மெய்யாலேயே உணர்ந்திருந்தார். பின்னாளில் அவர் ஆற்றிய பணிகளைக் காணுங்கால் இதனை நாம் மறத்தல் கூடாது.

நாட்டுப்பணியிலிருந்து உலகப்பணிக்கு

1905ஆம் ஆண்டில் நார்வே சுவீடனிலிருந்து பிரிந்து தனியரசாயிற்று. அப்பிரிவு போரின்றி அமைதியாக முடிவுறப் பாடுபட்டோருள் நான்சனும் ஒருவர். 1906 முதல் 1908 வரை இலண்டனில் தம் நாட்டின் தூதராக அமர்ந்தார். 1907 இறுதியில் அவருடைய மனைவியார் இறந்தார். அத்துயரோடு நாடு திரும்பிக் கடலாராய்ச்சிப் பேராசிரியரானார். முதல் உலகப் போரின்போது நார்வேயில் உணவுப் பஞ்சம் ஏற்படவே, அமெரிக்கா சென்று வாதாடி, 1918இல் தானியம் பெறுதற்கு வழி செய்தார்.

போர் முடிந்தபின் நாடுகளிடையே அமைதி நிலவும்பொருட்டுப் பன்னாட்டுச் சங்கம் தோன்றியது. போர் ஓய்ந்தும் சிறை ஓயாத நிலை அப்போது நிலவியது. சைபீரியாவிலும் பிற இடங்களிலும் சிறைப்பட்ட வீரர்கள் பசியாலும் குளிராலும் நோயாலும் நாள்தோறும் மாண்டுகொண்டிருந்தனர். அவர்களை ஊர் சேர்க்கும் பணியைச் சங்கம் 1920ஆம் ஆண்டில் நான்சனிடம் ஒப்படைத்தது. கையில் பொருள் மிகக் குறைவு. ஒருவரை ஒருவர் நம்பாத அரசுகள் பல. அந்நாளைய ரஷ்யப் புரட்சி அரசைப் பல நாடுகள் அரசாகவே ஏற்கவில்லை. எனினும் நான்சனின் சொல்லை எல்லாத் தரப்பினரும் நம்பினர். கடன் பெற்றும் கப்பல் திரட்டியும், ஏறத்தாழ இரண்டாண்டுகளில் 26 நாடுகளைச் சேர்ந்த 4,27,000க்கு மேற்பட்ட சிறைவீரர்களை அவர் தத்தம் இல்லத்திற்கு அனுப்பினார்.

அதற்குள் ரஷ்யாவில் பெரும்பஞ்சம் பரவிற்று. 1921 செப்டம்பரில் சங்கப் பேரவையின் முன் நின்று, பட்டினியால் சாகும் மக்களுக்குக் கடன் தருமாறு நான்சன் மன்றாடினார். அம்மக்களுக்கு உதவினால் அவர்தம் அரசு வலுப்பெறும் எனப் பலர் அஞ்சினர், கடன் மறுக்கப்பட்டது. அரசின்மேல் கொண்ட பகைக்காகக் குழந்தைகளைப் பட்டினியிடுதல் நீதியன்று என்பது அவர் உறுதி. ஊர் ஊராகச் சென்று பேசிப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். அப்பஞ்சத்தில் பெரும்பங்கு உதவியைத் தந்தது அமெரிக்கர் நிறுவிய துயர்துடைப்புக் கழகமே எனினும், நான்சன் திரட்டிய உணவும் பல்லாயிரம் உயிரைக் காத்தது. காக்கப்படாமல் மாண்டவர்கள் பல லட்சம்.

கதியற்றவர் நிலை

அகதி என்னும் சொல்லுக்குக் கதி அற்றவர் என்பது பொருள். ஏதிலி என்பதும் அப்பொருளதே. ரஷ்யாவில் நிகழ்ந்த புரட்சியாலும் உள்நாட்டுப் போராலும் ஏறத்தாழ 15 லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். இவர்களுள் படைவீரர் இருந்தனர். உழவர், ஆசிரியர், மருத்துவர், கைம்பெண்டிர், பெற்றோரை இழந்த சிறார் ஆகியோரும் இருந்தனர். 1921 டிசம்பரில் புதிய ரஷ்ய அரசு இவர்களுள் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்து ஆணையிட்டது. அன்றுமுதல் அவர்கள் எந்நாட்டுக்கும் உரியரல்லர்.

இதன் விளைவு யாதென எண்ணிப் பாருங்கள். ஒருவன் எல்லையைக் கடக்கக் கடவுச்சீட்டு வேண்டும். அதனை அவன் நாட்டு அரசே வழங்குதல் வேண்டும். நாடே இல்லாதவனுக்கு யார் வழங்குவர்? சீட்டின்றி ஒரு நாட்டில் இருப்பது குற்றம். சீட்டின்றி மற்றொரு நாட்டில் நுழைவதும் குற்றம். ஓர் அரசின் காவலர் அவனை இரவில் எல்லைக்கு அப்பால் தள்ளுவர். அப்புறத்துக் காவலர் அவனைப் பிடித்துச் சிறையிலிடுவர். விடுதலை பெற்றதும் மீண்டும் வெளியேற்றுவர். வேலை தேடின் சான்று கேட்பர். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், மணம் புரியவும், வழக்குமன்றம் ஏறவும் சான்று கேட்பர். உயிர் இருந்தும், சட்டத்தின் கண்ணுக்கு அவன் இல்லாதவனே.

நான்சன் சீட்டு

1921ஆம் ஆண்டில் பன்னாட்டுச் சங்கம் நான்சனை ரஷ்ய ஏதிலியர்க்கான உயர் ஆணையராக அமர்த்தியது. நோயின் வேரை அறிந்த மருத்துவரைப் போல, இம்மக்களுக்கு முதலில் வேண்டியது ஒரு சான்றே என அவர் கண்டார். ஏதிலியருக்கெனத் தனிச் சான்று ஒன்று வேண்டும். அவர் தங்கியிருக்கும் நாட்டு அரசு அதனை வழங்குதல் வேண்டும். பிற அரசுகள் அதனை மதித்தல் வேண்டும். இதுவே அவர் திட்டம். 1922 சூலைத் திங்களில் செனீவா நகரில் கூடிய அரசுகள் இத்திட்டத்தை ஏற்றன. காலப்போக்கில் 50க்கு மேற்பட்ட அரசுகள் உடன்பட்டன. அச்சான்றை மக்கள் நான்சன் கடவுச்சீட்டு என்றே வழங்கினர். 1924இல் துருக்கியின் கொடுமைக்குத் தப்பிய ஆர்மீனியர்க்கும், 1928இல் அசீரியர் முதலிய பிறர்க்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. ஏறத்தாழ 4,50,000 பேர் அதனைப் பெற்றனர். இசை மேதைகளான சிட்ராவின்சுகியும் இரக்மானினாவும், ஓவியர் சாகாலும் அதனைப் பெற்றவர்களே.

அச்சீட்டின் குறையையும் சொல்லுதல் வேண்டும். அஃது ஒருவர் யார் என்பதைக் காட்டியதேயன்றி, ஏற்றுக்கொள்ளுமாறு எந்நாட்டையும் கட்டாயப்படுத்தவில்லை. சீட்டு வழங்கிய நாட்டுக்குத் திரும்பிவரும் உரிமைகூடத் தொடக்கத்தில் அதில் அடங்கவில்லை. 1926இல் ஏற்பட்ட உடன்பாடே அக்குறையைப் போக்க வழி வகுத்தது. அவ்வாண்டிலேயே மற்றொரு முறையும் ஏற்பட்டது. வசதியுடைய ஏதிலியர் ஐந்து பொற்பிராங்கு செலுத்தித் தம் சீட்டில் ஒரு முத்திரைத் தலை ஒட்டிக்கொள்ள வேண்டும். அத்தொகை வறிய ஏதிலியர் நலத்துக்குப் பயன்படும். வறியோர்க்கு இக்கட்டணம் இல்லை. துன்புற்றோர் தம்முள் ஒருவர்க்கொருவர் துணைநிற்கும் பெருமையையும் இம்முறை அளித்தது.

ஏற்கும் நாடுகளின் அச்சம்

வாயிலில் வந்தவரை ஏற்கத் தயங்கிய நாடுகளை நான்சன் இகழ்ந்தாரல்லர். போரால் அவையும் நலிந்திருந்தன. தம் மக்களுக்கே உணவும் வேலையும் போதாதபோது புதியவரை எங்ஙனம் காப்பது என அவை கேட்டன. இவ்வச்சத்துக்கு அவர் இரு வழிகள் கூறினார். ஒன்று, எல்லைக்கு அருகில் உள்ளது என்னும் காரணத்தால் ஒரு நாடே முழுச் சுமையைத் தாங்குதல் முறையன்று; எல்லா நாடுகளும் பகிர்ந்து தாங்குதல் வேண்டும். மற்றொன்று, ஏதிலியரை முகாமில் அடைத்துச் சோறிடுவதைவிட, அவர்தம் கைக்குத் தொழில் தருவதே இரு சாரார்க்கும் நன்மை.

கான்ஸ்டான்டினோபிள் நகரில் வந்து குவிந்திருந்த ரஷ்யர் இம்முறையில் பல நாடுகளுக்கு அனுப்பப்பெற்றனர். செர்பிய அரசு பல்லாயிரவரை ஏற்றது. செக்கோசுலோவாக்கியா ஏதிலி மாணவர்க்குப் பல்கலைக்கழகங்களைத் திறந்துவிட்டது. போரில் ஆளிழந்து நின்ற பிரான்சு, அவர்களுக்குச் சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை தந்தது. வேலை தேடித்தரும் பொறுப்பைப் பன்னாட்டுத் தொழில் நிறுவனம் 1925 முதல் சில ஆண்டுகள் ஏற்று நடத்தியது.

1922இல் கிரீசும் துருக்கியும் செய்த போரின் முடிவில், சிறிய ஆசியாவினின்று கிரேக்கர் லட்சக்கணக்கில் ஓடிவந்தனர். ஏறத்தாழ 50 லட்சம் மக்களே வாழ்ந்த கிரீசு, 12 லட்சம் பேரை ஏற்க நேர்ந்தது. பன்னாட்டுச் சங்கத்தின் துணையால் பெற்ற கடனைக்கொண்டு நிலம் திருத்தி, வீடு கட்டி, விதை தந்து அவர்களைக் குடியேற்றினர். தரிசாய்க் கிடந்த நிலங்கள் வந்தவர் உழைப்பால் விளைநிலங்களாயின. ஆயின், இவ்விரு நாடுகளும் தம் சிறுபான்மையினரை மாற்றிக்கொள்ளலாம் எனக் கூறியோருள் நான்சனும் ஒருவர். 1923ஆம் ஆண்டு லோசான் நகர உடன்படிக்கை அதனைக் கட்டாயமாக்கிவிட்டது. சமயம் ஒன்றையே அளவாகக் கொண்டு, கிரீசில் வாழ்ந்த மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இசுலாமியர், விரும்பினும் விரும்பாவிடினும் தம் மூதாதையர் மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மேலும் உயிர்க்கொலை நேராமல் தடுக்கவே இம்மாற்றத்தை அவர் நாடினார். எனினும், ஏதிலியரைக் காக்க எழுந்த முயற்சியே புதிய ஏதிலியரை உண்டாக்கியது. சான்றோர் செயலையும் ஆராய்ந்தே கொள்ளுதல் நம் கடன்.

பரிசும் இறுதியும்

1922ஆம் ஆண்டுக்குரிய அமைதி நோபல் பரிசு நான்சனுக்கு வழங்கப்பெற்றது. பரிசுத் தொகையை அவர் துயர் துடைக்கும் பணிகளுக்கே செலவிட்டார். 1925இல் ஆர்மீனியாவுக்குச் சென்று, வறண்ட நிலங்களுக்கு நீர் பாய்ச்சி அங்கே ஏதிலியரைக் குடியேற்றத் திட்டம் வகுத்தார். அதற்கு வேண்டிய பொருளை நாடுகள் தரவில்லை. பேரவையில் ஆண்டுதோறும் எடுத்துரைத்தும் பயனில்லாமற்போயிற்று. அவர் உள்ளம் மிக வருந்தியது; ஆயினும் முயற்சி தளரவில்லை. 1930ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் தம் இல்லத்தில் அவர் உயிர் நீத்தார். நார்வேயின் தேசிய நாளாகிய மே 17 அன்று அவர்க்கு இறுதிச் சடங்கு நிகழ்ந்தது.

அருளும் உரிமையும்

அவர் மறைந்தபின் 1931இல் அவர் பெயரால் ஏதிலியர் அலுவலகம் நிறுவப்பெற்று, 1938இல் தானும் நோபல் பரிசு பெற்றது. 1933ஆம் ஆண்டு உடன்படிக்கையொன்று, ஏதிலியரை எல்லையில் நின்று விரட்டலாகாது என்னும் கொள்கையை எழுத்தில் வடித்தது. மிகச் சில நாடுகளே அதற்கு இசைந்தன. அடுத்த பெரும்போருக்கு முன், கொடுங்கோன்மைக்கு அஞ்சி ஓடிய யூத மக்கள் பலர் கதவடைப்பால் மாண்டனர். அவ்விழிவைக் கண்டபின்னரே, 1951 சூலையில் செனீவாவில் ஏதிலியர் உடன்படிக்கை உருவாயிற்று. 1967ஆம் ஆண்டு இணைப்பு அதன் கால எல்லையையும் இட எல்லையையும் நீக்கியது. இன்று 140க்கு மேற்பட்ட நாடுகள் அவற்றில் ஒன்றையேனும் ஏற்றுள்ளன.

அவ்வுடன்படிக்கையின் சாரம் எளிது. உயிருக்கோ உரிமைக்கோ கேடு நேரும் இடத்துக்கு ஏதிலியைத் திருப்பி அனுப்புதல் கூடாது. இடரினின்று நேரே தப்பிவந்து, தாமதியாமல் தம்மை அறிவிப்பவரைச் சீட்டின்றி வந்தார் எனத் தண்டித்தல் கூடாது. வழக்குமன்றத்தை நாடவும், தொடக்கக் கல்வி பெறவும், தொழில் செய்யவும், பயணச் சான்று பெறவும் அவருக்கு வழியிருத்தல் வேண்டும். ஏதிலியும் தமக்கு இடந்தந்த நாட்டின் சட்டங்களுக்கு அடங்கி நடத்தல் வேண்டும். 1954 முதல், ஏதிலியர் நலம் பேணுவோர்க்கு ஐக்கிய நாடுகளின் ஏதிலியர் ஆணையம் நான்சன் பெயரால் விருது வழங்கிவருகிறது.

மாணவர்களே! பனிவெளியில் சாக்சன் நான்சனுக்குச் செய்தது அருள். ஒருவர் அருள் உள்ளவராக இருந்தால் கதவு திறக்கும். இல்லையெனின் மூடியே கிடக்கும். எதிரில் வருபவர் எவராயினும், திறப்பவர் எவராயினும், கதவு திறந்தே ஆகவேண்டும் என்னும் நிலையே உரிமை. அருளை உரிமையாக மாற்றப் பாடுபட்டதே நான்சன் வாழ்வின் பயன். அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. நும் வகுப்பிலோ தெருவிலோ ஊர்விட்டு வந்த ஒருவர் வந்து சேர்வாராயின், அவர் பெயரைக் கேளுங்கள். அமர இடம் தாருங்கள். நான்சன் தொடங்கிய பணி அவ்விடத்திலும் நடைபெறுதல் கூடும்.